காப்பீட்டு அட்டையா, மாத்திரை அட்டையா?

எங்கள் வீட்டு பீரோவின் மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அதற்குள் இரண்டு வகை அட்டைகள். ஒன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட வருமானச் சான்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று அப்பா வாங்கியது. மற்றவை மாத்திரை அட்டைகள். வெள்ளித் தாளின் முதுகில் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும்.

முதல் அட்டை இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் கவரை விட்டு வெளியே வந்தது. இரண்டாவது தினமும் காலையும் ராத்திரியும் வருகிறது. மருத்துவச் செலவைக் குறைக்க ஒரு மாநில அரசு எதில் பணத்தைப் போட வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த கவர்தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது அந்தப் பேச்சுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்துடன் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. 2027 ஜனவரியில் அது முடிகிறது. அதே திட்டத்தை அப்படியே நீட்டிக்கலாம், கவரேஜ் தொகையை ஏற்றலாம், அல்லது அதில் ஒரு பங்கை வேறு பக்கம் திருப்பலாம். எது லாபம்?

கணக்குக்குள் போகும் முன் ஒரு எல்லைக்கோடு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருந்து பொதுப் பட்டியலில் இருக்கிறது. கடையில் விற்கிற மருந்துக்கு உச்ச விலை வைப்பது தில்லியில் இருக்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். ஆகவே மருந்து விலையைக் குறைப்போம் என்று மாநிலத்தில் யாராவது மேடையில் சொன்னால் அது பாதி உண்மைதான். மாநிலத்தின் கையில் இருப்பவை நான்கு வழிகள்: நோயாளிக்காகக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டுவது, தானே மருந்து வாங்கித் தன் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுப்பது, தனியார் ஆஸ்பத்திரி வாங்கும் கட்டணத்துக்குக் கடிவாளம் போடுவது, மலிவு விலை மருந்துக் கடை திறப்பது.

பெரிய நாளுக்கான அட்டை

காப்பீட்டு வழியை இந்தியாவில் பெரிய அளவில் தொடங்கியது ஆந்திரம். 2007-இல் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி கொண்டுவந்த ஆரோக்கியஸ்ரீ. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகப் பெயரும் நிறுவனமும் மாறின. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு பிறகு 1,20,000 ஆனது. ஊரில் இன்னும் பாதிப் பேர் அதைக் கலைஞர் கார்டு என்றுதான் சொல்கிறார்கள்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 2019-இல் ஒரு நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. 108-இல் தாலுகா ஆஸ்பத்திரி, அங்கிருந்து மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆஞ்சியோ பார்த்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கார்டு இல்லாமல் வந்தவருக்கு அதே சிகிச்சைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆயிற்று. சிறு விவசாயியான எங்கள் அப்பா அந்த ராத்திரி அவ்வளவு பணத்துக்கு எங்கே போயிருப்பார்? நிலத்தின் பத்திரம் யார் வீட்டுக்கோ போயிருக்கும். 2017-18-இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் படுத்தால் பிரசவம் நீங்கலாகச் சராசரியாக 4,452 ரூபாய் செலவு. தனியாரில் 31,845. ஏழு மடங்கு. அதுவும் எல்லா நோய்க்குமான சராசரி. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்றால் சராசரி பேசிப் பயனில்லை.

இன்னொரு நல்ல விஷயம் பலர் கவனிக்காதது. இந்தத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளும் பட்டியலில் இருக்கின்றன. அங்கே கார்டில் நடக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நிறுவனம் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கருவி வாங்கலாம், பழுது பார்க்கலாம், சிகிச்சை செய்த குழுவுக்கு ஊக்கத்தொகை தரலாம். முன்பெல்லாம் ஒரு பல்பு மாற்றவே மேலிடத்துக்கு எழுதிக் காத்திருந்த இடங்களுக்கு இது பெரிய விடுதலை.

சரி, கார்டு இருந்தும் எங்கள் கைக்காசு எவ்வளவு போனது? போன உடனே அட்வான்ஸ் 20,000 கேட்டார்கள். அப்ரூவல் வந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். மறுநாள் அப்ரூவல் வந்தது. பணம் முழுசாக வரவில்லை. பேக்கேஜ் என்பது ஒரு சிகிச்சைக்குக் காப்பீட்டில் தரும் மொத்தத் தொகை. இந்த ஊசி பேக்கேஜில் வராது, அந்த டெஸ்ட் பேக்கேஜில் வராது என்று சீட்டு சீட்டாக வந்தது. சாப்பாடு, வண்டி, கூட இருந்தவர்களின் கூலி நட்டம் எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய். காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, புகார் எண் இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்றார். அப்பா ஐ.சி.யு.வில் இருக்கும்போது எந்த மகன் புகார் எண்ணுக்குப் போன் போடுவான்?

காப்பீட்டின் அடிப்படைக் கோளாறு அதன் வடிவத்திலேயே இருக்கிறது. படுக்கையில் சேர்ந்தால்தான் அது விழிக்கும். ஓ.பி.யில் பார்த்துவிட்டு வருகிற காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அது கண்ணைத் திறக்காது. அப்புறம், எந்தச் சிகிச்சைக்கு விலை நன்றாக வைத்திருக்கிறார்களோ அந்தச் சிகிச்சை பெருகும். ஆந்திரத்தில் கர்ப்பப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை தேவையில்லாமல் நடக்கிறது என்று பெரிய சர்ச்சை எழுந்து, தனியாருக்கு அதில் கட்டுப்பாடு போட வேண்டி வந்ததை மறக்க முடியாது. விலை குறைவாக வைத்திருந்தால் நேர்மாறு. பெட் இல்லை என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

புதுப்பிக்கும்போது இன்னொரு கேள்வியும் கூடவே வரும். காப்பீட்டு நிறுவனம் நடுவில் வேண்டுமா? கேரளம் 2020-இல் நிறுவனத்தை விலக்கிவிட்டு மாநிலச் சுகாதார முகமை மூலம் நேரடியாகப் பணம் கட்டும் முறைக்கு மாறியது. ஆரோக்கியஸ்ரீயும் பின்னாளில் அரசு அறக்கட்டளை வழிதான் ஓடியது. நிறுவனம் இருந்தால் பொய்க் கிளெய்ம் பிடிபடும் என்பது ஒரு வாதம். ஆனால் ஒரு கோடிக்கு மேலான குடும்பங்கள், பதினைந்து வருடத்துக்கும் மேலான கிளெய்ம் விவரம் கையில் இருக்கும்போது, அடுத்த வருடம் எவ்வளவு ஆகும் என்று அரசுக்கே ஓரளவு தெரியும். தெரிந்த செலவுக்கு எதற்கு இன்சூரன்ஸ்? என் கை கேரளப் பக்கம்தான் சாய்கிறது. நேரடியாகக் கட்டினால் பாக்கி வைக்கும் பழக்கமும் கூடவே வரும், ஆஸ்பத்திரிகள் கார்டு நோயாளியைத் தவிர்க்கத் தொடங்கும் என்ற பயமும் இருக்கிறது.

காப்பீட்டு வகையிலேயே எனக்குப் பிடித்தது வேறொன்று: 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது உச்சவரம்பு ஒரு லட்சம். கார்டு இருக்கிறதா, எந்த மாநிலம், வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட வருகிறவனிடம் வி.ஏ.ஓ. சான்று கேட்காத ஒரு திட்டத்தை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

தினசரி அட்டை

அப்பா வீட்டுக்கு வந்தார். உயிரோடு வந்தார், அது போதும் என்று இருந்தோம். செலவு அப்புறம்தான் ஆரம்பித்தது.

இதய டாக்டர் எழுதிய சீட்டில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு கூட்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. எல்லாம் கம்பெனிப் பெயரில். தெருமுனைக் கடையில் மாதம் 1,350 ரூபாய். வருடத்துக்கு 16,200. இரண்டு வருடத்தில் 32,400. அதாவது, ஸ்டென்ட் வைத்த அன்று நாங்கள் கைக்காசாகக் கொடுத்த 23,000-ஐ மாத்திரைச் செலவு ஒன்றரை வருடத்திலேயே தாண்டிவிட்டது. தொடர் சிகிச்சைக்கென்று சில தொகுப்புகள் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆனால் ஆயுசு முழுக்கப் போட வேண்டிய மாத்திரைக்கு அது ஈடாகாது.

கடைசியில் அப்பாவை உள்ளூர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு, அதாவது பி.எச்.சி.க்குக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு அக்கா. அங்கே தொற்றா நோய்ப் பிரிவில் ஒரு நோட்டு போட்டார்கள். கூட்டு மாத்திரையைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள்: ஆஸ்பிரின் தனி, குளோபிடோக்ரெல் தனி, அட்டார்வாஸ்டாடின் தனி. அப்பாவுக்கு நம்பிக்கையே இல்லை. கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் கம்மி என்று ஒரு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். அடுத்த டெஸ்ட்டில் கொழுப்பு அளவு சரியாக இருந்த பிறகுதான் கடைக்குப் போவதை விட்டார்.

அந்த மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் பதிவாகி, 1995-இல் வேலை தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் மருந்து தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் காலாவதியான மூட்டைகள். கழகம் செய்த மாற்றம் கேட்பதற்கு மிகச் சாதாரணம். கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர். வந்த சரக்கு மாவட்டக் கிடங்குக்குப் போகும். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு வைத்திருப்பார்கள். பேங்க் பாஸ்புக் மாதிரிதான். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த டாக்டர் முடிவு செய்வார். தேவையும் இருப்பும் இப்படி ஒரே புத்தகத்தில் சந்திக்கின்றன.

இதைப் பார்த்துத்தான் கேரளம் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. காப்பீட்டு யோசனை தெலுங்கு நாட்டிலிருந்து இங்கே வந்தது. மருந்துக் கழக யோசனை இங்கிருந்து வெளியே போனது. நாம் இரண்டாவதைப் பற்றி மேடை போட்டுப் பேசுவதில்லை. காரணம் எளிது. காப்பீட்டு அட்டையில் படம் போடலாம், பெயர் வைக்கலாம். கிடங்கில் யார் படத்தைப் போடுவது?

பணத்தின் கண்ணோடு பார்த்தாலும் இந்த வழிக்கு ஒரு தனிச் சௌகரியம் இருக்கிறது. வருமானச் சான்று வேண்டாம். அப்ரூவல் வேண்டாம். லட்சாதிபதி வந்து நின்றாலும் கொடுப்பார்கள். அவர் வரமாட்டார், வரிசை அவரை வடிகட்டிவிடும். 2023 ஜூனில் வந்த இதயம் காப்போம் திட்டத்தைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு பி.எச்.சி.க்கு வருகிறவருக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் உடனே கொடுக்க 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. மொத்த விலை ஒரு பிரியாணிக்குக் கூட வராது. அதில் தப்பிக்கும் இதயத் தசைக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் விலைப்பட்டியல் கிடையாது. ஸ்கேனும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரிகளில் கழகம் நடத்தும் மையங்களில் சி.டி. ஸ்கேன் 500 ரூபாய்க்கு எடுத்தார்கள். வெளியே அதே ஸ்கேனுக்கு ஆயிரங்களில் கேட்பார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கின்றன. திடீரென்று ஒரு மருந்து இருக்காது. வெளியே வாங்கிக்கோங்க என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். ஊரகப் பி.எச்.சி.யில் கூட்டம் காலையில்தான். சித்தாள் வேலைக்குப் போகிற பெண் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. 600 ரூபாய்க் கூலியை விட்டுவிட்டு 200 ரூபாய் மாத்திரையை இலவசமாக வாங்குவது என்ன லாபம்? அவர் கடையிலேயே வாங்குவார், அல்லது வாங்காமலே விட்டுவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பது என் கணிப்பு.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கான பைகள் எல்லாம் அதே திட்டத்தில். 2024-இல் ஐ.நா.வின் தொற்றா நோய்ப் பணிக்குழு விருது கொடுத்தது. அம்மாவுக்கு வருகிறவர் எங்கள் அடுத்த தெருப் பெண்தான். வந்தால் முதலில் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார், அப்புறம் அம்மாவின் பழைய அட்டையை வாங்கி எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணுவார். எண்ணிக்கை கூட இருந்தால் திட்டு விழும். டாக்டர் சொல்லிக் கேட்காத அம்மா அந்தப் பெண்ணுக்குப் பயந்து மாத்திரை போடுகிறார். இந்தப் பயத்தை எந்த பிரீமியத்தில் வாங்குவது?

கடிவாளம்

மூன்றாவது வழி கேட்பதற்கு எல்லாருக்கும் பிடிக்கும். தனியார் ஆஸ்பத்திரிகள் இவ்வளவுதான் வாங்கலாம் என்று சட்டம் போடு, செலவும் கிடையாது. போட்டவர்களின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்தது. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் பல இடங்களில் மொத்த பில் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஸ்டென்ட்டில் குறைந்தது நடைமுறைக் கட்டணத்திலும் அறை வாடகையிலும் இதர செலவிலும் ஏறிக்கொண்டது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்புகிற கதை. மறு வருடம் அதே ஆணையம் தில்லிப் பகுதியில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது தெரிந்தது. அதில் பெரும்பகுதி மருந்து, சிரிஞ்ச் போன்ற சில்லறைச் சாமான்களில். நோயாளி வெளியே போய் வாங்க முடியாது என்பதுதான் அந்த லாபத்தின் ரகசியம்.

மாநிலங்கள் முயன்றபோது என்ன ஆயிற்று? கர்நாடகம் 2017-இல் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தைத் திருத்த முனைந்தது. நவம்பரில் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மசோதா நீர்த்துப்போனது. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் நலவாழ்வு உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அவசரச் சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டு வாரத்துக்கு மேல் தனியார் ஆஸ்பத்திரிகள் மூடிக் கிடந்தன. ஏப்ரல் 4 அன்று சமரசம். 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு. ஆக, சட்டம் எழுதுவதற்கு வேண்டுமானால் செலவு ஆகாது, அமல் செய்ய அரசியல் செலவு ஏராளம். கையில் நல்ல அரசு ஆஸ்பத்திரி இல்லாத அரசால் வேலைநிறுத்தத்தை ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் கதை இன்னும் வேடிக்கை. தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவன ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கான விதிகள் வந்தது 2018-இல். இருபத்தொரு வருடம். சட்டம் பிறந்து, பள்ளி முடித்து, கல்லூரி போய், கல்யாண வயசுக்கு வந்த பிறகு விதி எழுதியிருக்கிறார்கள். மனம் இருந்தால் வேகமும் வரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரிகள் வாங்கக்கூடிய தொகையை அரசு அறிவித்தது: சாதாரண வார்டுக்கு நாளொன்றுக்கு 5,000 முதல் 7,500, தீவிர சிகிச்சைக்கு 15,000 வரை. அதற்கு மேலும் வாங்கினார்கள் என்ற புகார்கள் வந்தன. ஆனால் ஒரு கோடு போட்டதால்தான் அதைத் தாண்டுவது புகாராகவே ஆனது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1970-களிலிருந்து எல்லா ஆஸ்பத்திரிக் கட்டணத்தையும் ஓர் ஆணையத்தின் மூலம் நிர்ணயித்துவருகிறது. யார் பணம் கட்டினாலும் அதே கட்டணம். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே ஒவ்வொரு ஊசிக்கும் கணக்கு எழுத்தில் இருக்கிறது. இங்கே பல ஆஸ்பத்திரிகளில் பில் என்பது ஒரே வரி. வரி வரியாக எழுதாத பில்லுக்கு விலை நிர்ணயிக்க முடியாது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது உச்ச விலை அல்ல, விலைப் பலகை. கேரளம் தன் 2018 சட்டத்தில் கட்டணத்தை நோயாளி பார்க்கும்படி வைக்கச் சொன்னது அந்த வகை. கூடவே, விரிவான பில் கட்டாயம், மருந்தை வெளியே வாங்கிவர நோயாளிக்கு உரிமை உண்டு என்ற இரண்டையும் சேர்த்தால் 1,737 சதவீதத்தில் பாதி தானாகவே கரையும். இது எனக்குத் தோன்றுவது. எந்த மாநிலமும் இந்த மூன்றையும் முழு மனதோடு சேர்த்துச் செய்து நான் பார்த்ததில்லை.

மலிவுக் கடை

நான்காவது வழிக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. 2014-இல் கூட்டுறவுத் துறை மூலம் அம்மா மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகம், இவற்றுக்கும் முன்பே மத்திய அரசின் மக்கள் மருந்தகம். மூலப்பெயர் மருந்தைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைகள். முதல்வர் மருந்தகம் திறக்கிற மருந்தாளுநருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் என்பதால் படித்துவிட்டுச் சும்மா இருந்த சிலருக்குத் தொழிலும் ஆயிற்று.

இது யாருக்கு? வருமானம் 1,20,000-க்குச் சற்று மேலே இருந்து கார்டும் கிடைக்காமல், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவும் நேரமில்லாமல் இருப்பவர்களுக்கு. ஆட்டோ ஓட்டுகிறவர், துணிக்கடையில் நிற்கிறவர், தனியார் பள்ளி டீச்சர். இவர்களைப் பற்றி எந்தத் திட்டமும் பேசுவதில்லை என்பதால் இந்தக் கடைகளை நான் மதிக்கிறேன். சிக்கல் ஒன்றுதான். டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதித் தருகிறவரை, சீட்டோடு வருகிறவர் அதே பெயரைத்தான் கேட்பார். கடைக்காரர் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார். எங்கள் அப்பாவுக்கே ஒரு மாதம் ஆனதே.

சரி, பணம் எங்கே?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14-இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு 64.2 சதவீதம். 2021-22-இல் அது 39.4. குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் நூறில் நாற்பது. அந்த நாற்பதில் மிகப் பெரிய துண்டு மாத்திரை மருந்து என்பது இந்தத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொள்வது. கைக்காசு எங்கே ஒழுகுகிறதோ அங்கேதான் அடைப்பு வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, புதிதாக வரும் ரூபாயில் முதல் பங்கு மாத்திரை அட்டைக்கு என்பேன். கழகத்தின் பட்டியலில் மருந்து தீராமல் இருக்க வேண்டும். ஊரகப் பி.எச்.சி.யில் மாலை ஓ.பி. வேண்டும். நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலையில் பார்க்கிறார்கள், கிராமத்தான் கூலி மட்டும் என்ன இளப்பமா? தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முழுவதும் உள்ளேயே நடக்க வேண்டும். இரண்டாவது பங்கு விலைப் பலகையை அமல் செய்யும் ஆட்களுக்கு. இதற்குப் பணம் அதிகம் வேண்டாம், மாவட்டத்துக்கு நான்கு நேர்மையான ஆட்கள் வேண்டும்.

காப்பீட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. அந்த 2019 ராத்திரியை நான் மறக்க மாட்டேன். ஆனால் 5 லட்சத்தை 10 லட்சமாக்குவது மேடைக்கு நல்லது, வீட்டுக்கு அவ்வளவு உதவாது. எங்களுக்கு 5 லட்சம் போதாமல் போகவில்லை, பேக்கேஜுக்கு வெளியே கேட்டதுதான் இடித்தது. புது ஒப்பந்தத்தில் தொகையைத் தொடாமல், அட்வான்ஸ் வாங்கினால் அந்த ஆஸ்பத்திரியின் கிளெய்மில் இரட்டிப்பாகக் கழிப்போம் என்று ஒரு வரி சேர்த்தால் அதற்கு என் ஓட்டு. டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியின் சீட்டு அவருடைய ஊர் பி.எச்.சி.க்கு மூலப்பெயரில் போக வேண்டும் என்று இன்னொரு வரி. எங்களுக்குக் கடையில் போன இரண்டு வருடப் பணம் அந்த ஒரு வரியில் மிஞ்சியிருக்கும்.

எல்லா மாநிலத்துக்கும் இதே வரிசை பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். மாவட்டத்தில் ஸ்டென்ட் வைக்க ஒரு கேத் லேப் கூட இல்லாத இடத்தில் காப்பீட்டு அட்டை வெறும் பிளாஸ்டிக்தான். அங்கே முதலில் கட்டடமும் ஆளும். தனியார் ஆஸ்பத்திரிகள் குவிந்து, அரசு ஆஸ்பத்திரி பலவீனமாக இருக்கிற நகரங்களில் கடிவாளம் முன்னால் வர வேண்டியிருக்கலாம். நமக்கு 1939-இலிருந்து பொதுச் சுகாதாரச் சட்டமும், அதற்கென்று தனித் துறையும், முப்பது வருடம் பழகிய மருந்துக் கிடங்கும் இருக்கின்றன. இருக்கிற குதிரையை விட்டுவிட்டு வாடகைக் குதிரைக்கு எதற்குத் தீனி போட வேண்டும்?

போன மாதம் எங்கள் ஊர் பி.எச்.சி.யில் கொழுப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அப்பா கடையில் ஒன்றரை அட்டை வாங்கிவந்தார். பில்லை மடித்து, பீரோ கவரில் காப்பீட்டு அட்டைக்குப் பின்னால் சொருகிவிட்டு என்னைக் கேட்டார்:

"இதுக்கு அந்த கார்டுல காசு வருமாப்பா?"

வராது என்றேன். பில்லை மட்டும் எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டு, மாத்திரை அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தார்.